பார்க்க ஒன்றுமில்லாத கடற்கரை

கல்யாண போட்டோகிராபருக்கு வருடத்தில் இரண்டு மாதம் விடுமுறை. ஆடி, மார்கழி. முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், ஆல்பம் எப்போது வரும் என்று போன் செய்கிறவர்களும் கொஞ்சம் அடங்கியிருப்பார்கள். மயிலாடுதுறையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு அந்த இரண்டு மாதங்களில்தான் கடற்கரைக்குப் போக வாய்க்கிறது. பைக்கை எடுத்தால் பூம்புகாரோ தரங்கம்பாடியோ ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். யாரையும் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லாமல், அட்வான்ஸ் வாங்காமல் நான் படம் எடுக்கிற இடம் அது ஒன்றுதான்.

இதைச் சொன்னால் தொழிலில் இருக்கிற நண்பர்கள் கேட்பது, "அங்க எடுக்க என்னய்யா இருக்கு?" கேள்வி நியாயமானதுதான். பழையாறிலிருந்து கோடியக்கரை வரை கரையோரமாகவே நடந்து பாருங்கள். லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கல்லைத் தவிர ஒரு பாறை தட்டுப்படாது. குன்று கிடையாது, வளைகுடா கிடையாது. அலை மோதித் தெறிக்க ஒன்றுமே கிடையாது. தெற்கு வடக்காக நேர்க்கோட்டில் மணல், அதற்கு இந்தப் பக்கம் தென்னையும் சவுக்கும், அந்தப் பக்கம் கடல். ஒரு காலெண்டருக்கு வேண்டிய சரக்கு எதுவும் இங்கே இல்லை.

இருக்கவும் முடியாது. இந்தக் கரை முழுக்க ஆறு கொண்டுவந்து போட்டது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிற தண்ணீர், அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, பாமணி, கோரையாறு என்று மேலும் மேலும் பிரிந்து கடலுக்கு வருகிறது. வந்த வழியெல்லாம் வண்டலைப் பரப்பிவிட்டு வருகிறது. அப்படிப் பரப்பிய நிலத்தின் ஓரம்தான் நம்முடைய கடற்கரை. தட்டையாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? கடலின் ஏற்ற இறக்கமும் இங்கே பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமியிலும் ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. குஜராத் பக்கம் கடல் பின்வாங்கிக் கிலோமீட்டர் கணக்கில் சேறு தெரிகிற மாதிரியான வேடிக்கையெல்லாம் நமக்கு இல்லை.

ஆனால் சூரியோதயம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, தினமும். விடுமுறை நாளில் தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்கு எதிரே விடியற்காலையில் நின்றால், முக்காலி வைத்தவர்கள் தோளோடு தோள் இடிக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் கவுன் தரையில் புரள ஒரு மணப்பெண், கோட் போட்டு வியர்த்துப்போன ஒரு மாப்பிள்ளை. நானும் அந்த வேலையைச் செய்துதான் கடன் அடைக்கிறேன், குறை சொல்லவில்லை. 1620இல் டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய கோட்டை, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட கோட்டை, இன்றைக்கு எங்கள் மாவட்டத்துக் கல்யாண ஆல்பங்களில் பாதிக்குப் பின்சுவராக இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

எனக்குச் சூரியோதயத்தோடு உள்ள சண்டை வேறு. கேமராவைக் கிழக்கே திருப்பிச் சூரியனை எடுத்தால், நடுவில் இருக்கிற எல்லாம் கறுத்துப் போகிறது. படகு கறுப்பு, வலை கறுப்பு, படகைத் தள்ளுகிற ஆளும் கறுப்பு. வானம் மட்டும் ஆரஞ்சு. அப்படிப்பட்ட படங்களை வரிசையாக வைத்தால் எது நாகூர், எது பூம்புகார், எது திருமுல்லைவாசல் என்று எடுத்தவருக்கே தெரியாது. தள்ளுகிறவர் யார், கிழவரா வாலிபரா, அந்தக் குளிரில் சட்டை போட்டிருந்தாரா என்பதும் தெரியாது. போட்டிகளில் பரிசு வாங்குவது பெரும்பாலும் அந்தக் கறுப்பு உருவங்கள்தான்.

அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கப் பழகினேன். சூரியன் கடலிலிருந்து எழுந்து மீனவர் தெருவின் மேல் நேராக அடிக்கிறது. இழுத்துப் போட்ட பைபர் படகுகளின் மூக்கில் நீலமும் மஞ்சளும் அப்போதுதான் அந்தந்த நிறமாக இருக்கின்றன. கரைக்கு வருகிறவர்களின் முகத்தில் கண் கூசும் வெளிச்சம். ஒவ்வொரு முகமும் தெரியும்.

சாயங்காலம் இது தலைகீழ். சூரியன் நமக்குப் பின்னால், வயல் பக்கம் இறங்குகிறது. மேற்குக் கடற்கரைக்காரர்களுக்குக் கிடைக்கிற அஸ்தமனக் கடல் நமக்குக் கிடையாது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. நான் வருத்தப்படுவதில்லை. தொல்காப்பியம் நெய்தலுக்குரிய பொழுதாகச் சொல்வது எற்பாட்டை. பகல் சாய்கிற அந்த நேரத்தில் எங்கள் கரையில் நின்று பார்த்தால், தென்னைகளின் நிழல் மணல்மேல் கிழக்கு நோக்கி நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் நிழலின் நுனி ஈர மணலைத் தொடும், அப்புறம் அலைமேல் ஏறும். கரை முழுக்க நிழலுக்குள் வந்துவிட்ட பிறகும், கடலில் தூரத்தில் நிற்கிற படகுமேல் வெயில் இருக்கும். கண்ணுக்கெதிரே இரண்டு நேரம். இந்த ஒன்றை மட்டும் மேற்குக் கரைச் சாயங்காலத்தில் எடுக்க முடியாது.

கோடியக்கரை இதற்கு விதிவிலக்கு. கரை அங்கே மடங்கி மேற்கே திரும்புவதால் மார்கழியில் சூரியன் எழுவதும் விழுவதும் கடலிலேயே தெரியும். ஆனால் அங்கே போனால் நான் வேறு விஷயம் பார்க்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மற்றவர்கள் பழமொழியாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது லென்ஸைப் பற்றிய எச்சரிக்கை. ஜூம் வளையத்துக்குள் மணல் புகுந்தால் திருப்பும்போது ஒரு நறநறச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டவன் அப்புறம் ஆடியில் லென்ஸ் மாற்றவே மாட்டான். அது மேல்காற்று. நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கடற்காற்று எதிர்த்து வரும். அதுவரை கடல் ஓரம் வினோதமாக இருக்கும். அலை கரையை நோக்கி வருகிறது, காற்று கரையிலிருந்து போகிறது. அலை எழும்பி உடையப் போகிற நேரத்தில் அதன் உச்சியில் இருக்கிற நுரையைக் காற்று பிய்த்துப் பின்பக்கமாக, கடலுக்கே வீசுகிறது. சூரியன் கிழக்கே இருக்கும்போது பார்த்தால் அந்தத் திவலை முழுக்க ஒளி. சில நாள் அதற்குள் வானவில்லின் ஒரு துண்டு வந்து மறையும். ஆனால் அதற்கு வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதாவது காற்று திரும்புவதற்குள் வெயில் மேற்கே போயிருக்க வேண்டும். இரண்டும் ஒத்து வருவது அபூர்வம். வராத நாளில் அலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம், நஷ்டமில்லை.

ஆடியில்தான் ஆற்றுக்கும் கடலுக்கும் பேச்சு ஆரம்பிக்கிறது. மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர வாரக்கணக்காகும். சில வருடம் ஜூனில் திறப்பதும் இல்லை, வருவதும் இல்லை. பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கிற இடத்தை முதல்முறை பார்க்க வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். வெள்ளமெல்லாம் கொள்ளிடம் வழியாகப் போய்விடுகிறது, பாசனத் தண்ணீர் வயலிலேயே தீர்ந்துவிடுகிறது. மிச்சம் மீதி இருப்பதுதான் இங்கே வருகிறது. கோடையில் முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் அதுவும் இல்லை. "இதுவா காவிரி?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள், நான்தான் கொண்டுவந்து விட்ட மாதிரி.

ஆனால் ஆடி பதினெட்டில் அங்கே வந்து பாருங்கள். பெண்கள் காதோலை கருகமணி, பூ, பழம், மஞ்சள் கயிறு வைத்துப் படைத்துவிட்டுத் தண்ணீரில் விடுகிறார்கள். அதைப் படம் எடுக்கப் பெரிய கூட்டம் இருக்கும். நான் மறுநாள் காலையில்தான் போவேன். ராத்திரி அலை எல்லாவற்றையும் திருப்பிக் கரையில் கொண்டுவந்து, அலை ஏறிய கோட்டிலேயே வரிசையாக வைத்திருக்கும். சுருட்டிய காதோலைகள் உப்புத் தண்ணீரில் ஊறி அவிழ்ந்திருக்கும். கருகமணி வளையங்கள் பாதி மணலில். நடுவில் சோழி, சிப்பி, யாரோ ஒருவரின் ரப்பர் செருப்பு, வெற்றிலை. ஆற்றுக்குக் கொடுத்ததைக் கடல் கணக்குப் பார்த்து வைத்த வரிசை அது. குனிந்து, மணலோடு மணலாகக் கேமராவை வைத்து, அந்தக் கோட்டை அப்படியே வடக்கே பார்த்து எடுப்பேன். செருப்பையும் சேர்த்துத்தான்.

ஆடி அமாவாசைக்கு வருகிறவர்களிடம் இன்னொன்று கவனித்தேன். கடலில் முங்கிவிட்டு நேரே பஸ்ஸுக்குப் போவதில்லை. ஆற்றுத் தண்ணீர் இருந்தால் அதில் ஒரு முறை முங்கி உப்பைக் கழுவிக்கொண்டு போகிறார்கள். ஈரப் புடவையோடு மணல் திட்டைக் கடந்து கடலிலிருந்து ஆற்றுக்குப் போகிற அந்தச் சின்ன நடை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பட்டினப்பாலையிலும் இந்த ஊர்க்காரர்கள் கடலாடிவிட்டு உப்பு போக ஆற்றில் குளிக்கிறார்கள், நண்டு பிடித்து விளையாடுகிறார்கள். படிக்கும்போது பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயம், நேரில் துண்டு பிழிந்துகொண்டு என்னைக் கடந்து போனது.

நண்டு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வடிந்த ஈர மணலில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்ன நண்டுகள் உண்டு. மணலை அள்ளி வாயில் போட்டு, தின்னக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாக்கிப் பின்னால் தள்ளும். வளையிலிருந்து ஒரு கோடு போட்டுப் போய், திரும்ப வந்து, பக்கத்தில் இன்னொரு கோடு. ஒரு தண்ணீர் வடிந்து அடுத்தது ஏறுவதற்குள் வளையைச் சுற்றிக் கதிர் கதிராக உருண்டைகள். சூரியன் தாழ இருக்கும்போது ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு நிழல். அதைப் பார்க்க வேண்டுமானால் அசையாமல் உட்கார வேண்டும். ஒரு அடி வைத்தாலும் எல்லாம் வளைக்குள் போய்விடும். மணலில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து, "என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்று கேட்காத ஆள் இல்லை.

இனி வேலை நடக்கிற இடத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்தக் கரையின் அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த வேலை என்னவென்று தெரியாமல் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவர் தெருவில் வலைக்கூடம். கூரைக்கு அடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வலக்கால் கட்டைவிரலில் வலையை மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தார். மடியில் மிச்ச வலை குவிந்து கிடந்தது. கையில் நூல் சுற்றிய தட்டையான பிளாஸ்டிக் ஊசி. எல்லாரும் எடுக்கிற படம்தான்: சுருக்கம் விழுந்த முகம், பச்சை நைலான், பக்கவாட்டில் வெளிச்சம். நானும் எடுத்தேன். அப்புறம் அவர் செய்ததைப் பார்த்தபோதுதான் புரியாமல் உட்கார்ந்தேன். கிழிந்த இடத்தைத் தைக்கவில்லை. சின்னக் கத்தியை எடுத்துக் கிழிசலை இன்னும் பெரிதாக வெட்டினார்.

"ஏன் பெரியவரே, ஓட்டையைப் பெருசாக்குறீங்க?"

"முழுக் கண்ணி வர்ற வரைக்கும் வெட்டணும் தம்பி. அறுந்த கண்ணியில முடிச்சு போட்டா நிக்காது."

ஆரம்பிக்க ஒரு முழுக் கண்ணி, முடிக்க ஒரு முழுக் கண்ணி வேண்டும். நடுவில் இருப்பதையெல்லாம் அவர் புதிதாகப் பின்னி நிரப்புகிறார். இடது கையின் விரல்தான் அளவு. அதன்மேல் நூலை வளைத்து முடிச்சு, அடுத்த வளைவு, முடிச்சு. கடைசி முடிச்சு விழுந்ததும் கால்விரலை விடுவித்து வலையை ஒரு உதறு உதறினார். எது பழையது எது புதியது என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். புதுக் கண்ணிகள் கொஞ்சம் பளிச்சென்ற பச்சை. உற்றுப் பார்த்தால் அந்த வலை முழுக்க அப்படிப்பட்ட திட்டுகள், வெவ்வேறு வயதுப் பச்சைகள். அதற்கு முன் எத்தனையோ வலைகளை எடுத்திருக்கிறேன். அந்தத் திட்டுகள் ஒரு படத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

அன்றிலிருந்து முகத்தை விட்டுவிட்டுக் கத்தியும் கண்ணியும் சந்திக்கிற இடத்தை எடுக்க ஆரம்பித்தேன். அடுத்த முறை அவரிடம் கேமராவின் திரையில் காட்டினேன். தன் முகம் இருந்த படத்தைத் தள்ளிவிட்டு, வலையைப் பெரிதாக்கச் சொன்னார். "இது நண்டு வலையில்ல?" என்றார். "இந்த முடிச்சு நான் போட்டதில்ல, என் மச்சான் போட்டது. தளர்வா இருக்கு பாரு." எனக்கு எல்லா முடிச்சும் ஒன்றுதான். அவருக்கு அது கையெழுத்து.

நெத்திலி காயப்போடுகிற இடமும் அப்படித்தான். தெரியாதவர்களுக்கு அது மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிற இடம். மணலில் பழைய வலையை விரித்து, கழுவிய நெத்திலியைக் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி வீசுவார்கள். வயலில் விதை தெளிக்கிற மாதிரியே மணிக்கட்டைச் சுழற்றி வீசுகிறார்கள். ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரவ வேண்டும், இல்லாவிட்டால் அடியில் இருப்பது அழுகும். விழுந்த புதிதில் நெத்திலி கண்ணாடி மாதிரி. உடம்புக்குள் முள் தெரியும், விலாவில் மட்டும் ஒரு வெள்ளிக் கோடு. வெயில் ஏற ஏற உடம்பு மங்கி வெள்ளையாகிறது, கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. மத்தியானம் ஆனால் வால் மேலே வளையும், திருப்பிப் போடும்போது சலசலவென்று சத்தம் வரும். சத்தம் வந்தால் ஒரு பக்கம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். காலை ஏழு மணிக்கு எடுத்ததும் மத்தியானம் எடுத்ததும் வேறு வேறு பொருளைப் போல இருக்கும். நான் முதலில் மத்தியான வெயிலில் கேமராவை வெளியே எடுக்கவே மாட்டேன், வெளிச்சம் தட்டையாகிவிடும் என்று. நெத்திலிக்கு மத்தியானம்தான் நேரம். எந்த வெளிச்சம் நல்ல வெளிச்சம் என்று முடிவு செய்வது நான் இல்லை என்பது அங்கே தெரிந்தது.

ஏலம் நடக்கிற இடத்தைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தடை முடிந்து படகுகள் திரும்பி வருகிற முதல் நாட்களில் நாகை துறைமுகத்தில் நின்றால், மீனைவிட மனிதர்களின் கைகள்தான் எடுக்கத் தோன்றும். ஐஸ் உடைக்கிற கை, கூடையைத் தலைக்கு ஏற்றிவிடுகிற கை, கூறு கட்டுகிற கை. இரண்டு மாதம் சும்மா இருந்த துறைமுகம் அது என்று தெரிந்திருந்தால்தான் அந்த அவசரம் படத்தில் என்ன என்று புரியும்.

மார்கழி முற்றிலும் வேறு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஆடித் தீர்த்திருக்கும். ஆறுகள் கொண்டுவந்த கலங்கலில் கடல் ஓரம் பழுப்பு. கொஞ்சம் தூரத்தில் பழுப்பும் பச்சையும் சந்திக்கிற கோடு. வாடைக்காற்றில் லென்ஸ்மேல் உப்பு படிந்துகொண்டே இருக்கும், துடைக்கத் துடைக்க. ஸ்டுடியோவுக்கு வந்ததும் ஈரத் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைக்காவிட்டால் தை மாதக் கல்யாணத்துக்கு எடுக்கும்போது லென்ஸுக்குள் பூஞ்சை கோலம் போட்டிருக்கும். நான் கடற்கரைக்கு விலை குறைந்த லென்ஸைத்தான் கொண்டு போகிறேன். செல்போன் போதும் என்பதும் என் கட்சி.

கோடியக்கரையில் மார்கழிக்குப் பூநாரை வரும். யானைத் தும்பிக்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்தவர்கள் அங்கே வருவார்கள், நான் போட்டி போடுவதில்லை. போகிற வழியில் வேதாரண்யம் உப்பளங்களில் நின்றுவிடுவேன். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய அகஸ்தியன்பள்ளி அங்கேதான். மார்கழியில் உப்பு விளைச்சல் இருக்காது. பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கும். வாரிக் குவித்த உப்பைக் கீற்று போட்டு மூடி வைத்திருப்பார்கள். கீற்று விலகிய இடத்தில் வெள்ளை தெரியும். மழைத் தண்ணீர் வழிந்து உப்பில் அரித்த சின்னச் சின்ன ஓடைகள், அதன் அடியில் மறுபடி தண்ணீர் காய்ந்து கட்டிய படிகங்கள். பக்கத்தில் உமரிச் செடி, மழை பார்த்துப் பச்சை கட்டியிருக்கும். கோடையில் அது சிவக்கும் என்பதற்காகவே ஒரு முறை கல்யாண ஆர்டரை விட்டுவிட்டு மே மாதத்தில் போனேன். வீட்டில் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

மார்கழியில் இன்னொரு நாளும் வருகிறது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். அப்போது நான் நாகையில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளன். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். மயிலாடுதுறை அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, தரங்கம்பாடியும் பூம்புகாரும் அந்தக் கணக்கில்தான். அடக்கம் செய்வதற்கு முன் அடையாளம் தெரியாதவர்களைப் படம் எடுத்து வைத்தார்கள், உறவுக்காரர்கள் வந்து பார்க்க. எங்கள் முதலாளியும் எடுக்கப் போனார். என்னைக் கூட்டிப் போகவில்லை. அந்தப் படங்களை எனக்குக் காட்டவும் இல்லை. திரும்பி வந்து ஒன்றே ஒன்று சொன்னார், தொழில் சொல்லிக்கொடுக்கிற குரலில்: "ஃபிளாஷ் போட்டாத்தான் முகம் தெரியுது." கறுப்பு உருவங்களோடு எனக்கு இருக்கிற சண்டைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு வருடமும் அன்றைக்குக் கரையோரக் கிராமங்களில் கடலுக்குப் போவதில்லை. பால் ஊற்றுகிறார்கள், பூப் போடுகிறார்கள். அன்று நான் கேமரா கொண்டு போவதில்லை.

கடற்கரை அழகு என்று பேசும்போது, இதையும் 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலையும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெளிவான பதில் இல்லை. கஜாவுக்குப் பிறகு ஒரே திசையில் தலை சாய்த்துப் படுத்திருந்த தென்னந்தோப்புகளை மேலிருந்து டிரோனில் எடுத்த படங்கள் நிறைய சுற்றின. வடிவம் என்று பார்த்தால் அபாரமான வடிவம். தோப்புக்காரர் பக்கத்தில் நிற்கும்போது அப்படிச் சொல்ல வாய் வருமா?

குப்பையும் அதே சிக்கல்தான், சின்ன அளவில். ஆரம்பத்தில் பிளாஸ்டிக் பாட்டிலைக் காலால் தள்ளிவிட்டுப் படம் எடுப்பேன். இப்போது தள்ளுவதில்லை. அறுந்த நைலான் வலைத் துண்டு ஒன்று அடும்புக் கொடியோடு பின்னிக் கிடந்தது ஒரு நாள். ஊதாப் பூ வலைக் கண்ணி வழியாகத் தலை நீட்டியிருந்தது. வலையைப் பிய்த்தெடுத்தால் கொடியும் வரும். தை, மாசியில் பங்குனி ஆமை முட்டையிட வரும் கரை இது. அதே போன்ற வலைத் துண்டில் மாட்டிச் செத்து ஒதுங்கிய ஆமையையும் எடுத்திருக்கிறேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் காட்டினால் பொய். கரை அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லும் இப்போது என் படங்களில் இருக்கிறது. தரங்கம்பாடி மாசிலாமணி நாதர் கோயிலைக் கடல் அரித்துத் தின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லின்மேல் கோபம் வராது. சாயங்காலம் பையன்கள் அதன்மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். பாறை இல்லாத கரைக்கு ஒருவழியாகப் பாறை வந்துவிட்டது, லாரியில்.

எடுத்த படங்களைப் பிரின்ட் போட்டு அந்தந்த ஊரில் கொடுப்பது வழக்கம். எதை வீட்டில் மாட்டுகிறார்கள் என்று பார்ப்பதில் எனக்கு ஒரு ஆர்வம். நான் பெருமையாக நினைக்கிற படத்தை ஒருவரும் மாட்டியதில்லை. படகுக்காரர் ஒருவர் தன் படகு எண் தெளிவாகத் தெரிகிற, மற்றபடி சாதாரணமான படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வலைப் பெரியவர் மச்சானின் தளர்ந்த முடிச்சு இருக்கிற படத்தை வாங்கிப் போனார். எதற்கு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நெத்திலி காயப்போடுகிற அக்காவுக்கு, அவர் மீன் வீசுகிற படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொண்டுபோனேன். கை விரிந்து, காற்றில் நெத்திலி தெறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளிக் கோடு. என் இத்தனை வருடத் தொழிலில் எடுத்ததில் நல்ல படம் என்று நானே சொல்லிக்கொள்வேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேலை செய்யறப்ப எடுத்திருக்க. தலையெல்லாம் பரட்டையா, வேர்த்து ஊத்திக்கிட்டு. இதப் போயி யாரு மாட்டுவா?" அப்புறம், "கடை எங்க இருக்குன்னு சொல்லு, நான் வர்றேன்" என்றார்.

அந்த வாரமே வந்தார், பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கூடவே மகள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்த்தார். சிரிக்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். கம்ப்யூட்டரில் பின்னணி வைக்கிற கட்டம் வந்ததும், கடல் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"கடலா? அத யாரு பாப்பா. மலை வையி."

பனிமலை ஒன்றைக் காட்டினேன். அவ்வளவு பனி வேண்டாம், ஊட்டி மாதிரி இருந்தால் போதும் என்றார் மகள். அக்காவோ பனியே இருக்கட்டும் என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாதாடிப் பச்சை மலையில் வந்து நின்றார்கள், ஓரத்தில் ஓர் அருவியோடு. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அளவில் லேமினேஷன், ஃபிரேம் எல்லாம் சேர்த்து விலை சொன்னேன். கூறு வாங்க வந்தவரிடம் பேசுகிற அதே குரலில், பாதி விலைக்குக் கேட்டார்.